துறைமுகத்தில் பகடை: கடல் வணிக விதிகளின் ஒரு சின்ன வரலாறு

பகடை என்றதும் நமக்குத் தாயமும் பரமபதமும் ஞாபகத்துக்கு வரும். பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சகுனி மாமா ஞாபகத்துக்கு வருவார். நம் ஹாஸ்டல்வாசிகளைக் கேட்டால், மும்பையை வாங்கி சென்னையை அடகு வைத்து ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போட்ட 'டிரேட்' ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் எழுத வந்தது இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த ஒன்று.

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "மெஸ் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே எட்டுப் பேர் எழுதியாச்சு, நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மெஸ் சாம்பார் தப்பித்தது. பொறியியல் படித்துவிட்டுச் சரித்திரம் எழுதத் துணிந்ததற்குப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

என்ன விளையாட்டு இது?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொள்கிறார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வன். நடுவர் ஒரு கற்பனை உலகத்தை வாயாலேயே வர்ணிப்பார். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே வெளிச்சம் தெரிகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார். ஆடுபவர் தன் முடிவைச் சொல்வார். அது பலிக்குமா பலிக்காதா என்று பகடை சொல்லும். காய் நகர்த்தப் பலகைகூடக் கட்டாயம் இல்லை. ரோல் பிளேயிங் கேம் என்று பெயர்.

இதன் பாட்டன் விளையாட்டே இல்லை, ராணுவப் பயிற்சி. பிரஷ்ய நாட்டு லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் 1824-இல் 'கிரீக்ஸ்பீல்' என்ற போர்ப் பயிற்சி விதிகளை வெளியிட்டார். வரைபடம், படையைக் குறிக்கும் கட்டைகள், பகடை, நடுவே ஒரு நடுவர். விதிப் புத்தகம் தடிமனாக இருந்ததால் ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி ஒரு மாற்று யோசனை சொன்னார்: விதிகளில் பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போடு, அனுபவமுள்ள நடுவர் தன் மதியால் தீர்ப்புச் சொல்லட்டும்.

விதியா, நடுவர் மதியா? இந்த வழக்கு அன்று தொடங்கியது, இன்னும் தீரவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வழக்கைப் பற்றியதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டார்கள். முதல் அச்சு வெறும் 1,000 பிரதி. அதில் பொற்காசுக்கு விசித்திரமான ஒரு வேலை இருந்தது. நிலவறையிலிருந்து பத்திரமாகக் கொண்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஆட்டக்காரருக்கு ஒரு அனுபவப் புள்ளி. அதாவது புதையல் எடுத்தால் புத்தி வளரும்! எடுத்த காசை வைத்து என்ன செய்வது என்பதற்கு அவ்வளவாகப் பதில் இல்லை. வாளும் கவசமும் வாங்கலாம், ஆள் வைத்துக் கொள்ளலாம், கோட்டை கட்டலாம். ஒரு ஊரில் மலிவாக வாங்கி இன்னொரு ஊரில் லாபத்துக்கு விற்கும் சாதாரண மனிதப் புத்திக்கு அங்கே வேலை குறைவு.

கடன் தவணையோடு ஒரு கப்பல்

அந்தப் புத்திக்கு முதலில் நல்ல இடம் கொடுத்தது மந்திரவாதிகள் உலகம் அல்ல, விண்வெளி உலகம். மார்க் மில்லர் என்பவர் வடிவமைத்து 1977-இல் வெளிவந்த 'டிராவலர்' விளையாட்டு. இதுவும் மூன்று சிறு கறுப்பு அட்டைப் புத்தகங்கள்தான். நம் ஊர் ஆறு முகப் பகடை மட்டுமே போதும்.

இதில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சின்னச் சரக்குக் கப்பல் கிடைக்கலாம். கிடைத்த சந்தோஷத்தோடு கடனும் வரும். கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். தவணை, மாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு. 480 மாதம் கட்ட வேண்டும். அதாவது 40 வருஷம், மாதம் 1,54,500. வீட்டுக் கடன் வாங்கிய நம் பேட்ச் நண்பர்களுக்கு இதைப் படித்ததும் வயிறு கலங்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வரவைப் பாருங்கள். கப்பலில் 82 டன் சரக்கு ஏற்றலாம். டன்னுக்கு வாடகை 1,000. எனவே நடைக்கு 82,000. எரிபொருள் 30 டன், நல்ல எரிபொருள் டன் 500 வீதம் 15,000. மிச்சம் 67,000. பயணம் ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று மாதம் இரண்டு நடைதான் அடிக்க முடியும். ஆக 1,34,000. தவணைக்கே 20,500 துண்டு விழுகிறது. மாலுமிகள் சம்பளம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் இனிமேல்தான்!

ஒரு இடமும் காலியில்லாமல் ஏற்றினால்கூட வாடகை மட்டும் போதாது. பயணிகளை ஏற்ற வேண்டும். அல்லது சொந்தக் காசில் சரக்கு வாங்கி அடுத்த உலகத்தில் விற்க வேண்டும். எந்தச் சரக்கு கிடைக்கும் என்பதைப் பகடை சொல்லும். விற்கும் விலை, பகடைப்படியும் அந்த உலகம் விவசாய உலகமா, தொழில் உலகமா, பணக்கார உலகமா என்பதைப் பொறுத்தும், அடிப்படை விலையில் 40 சதவீதத்திலிருந்து 400 சதவீதம் வரை போகும். அதுவும் தேறவில்லை என்றால், யாரோ ஒரு மர்ம மனிதர் "கேள்வி கேட்காமல் இந்தப் பெட்டியைக் கொண்டு போய்ச் சேர்" என்று காசு நீட்டும்போது வாங்கிக் கொள்ள வேண்டும். சாகசம் தொடங்கும் இடம் அதுதான். ஒரு கடன் தவணையை வைத்தே ஆட்டத்தை ஓட்டிவிட்டார் மனுஷர்! வடிவமைப்பு என்றால் இதுதான் என்று எனக்கு ஒரு தனி மரியாதை.

கற்பனை ராஜ்யங்களின் துறைமுகங்களுக்கும் பிறகு விதிகள் வந்தன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரிசையிலேயே 1988-இல் 'மின்ராத்தாட் கில்ட்ஸ்' என்ற புத்தகம், வணிகக் குழுக்கள் ஆளும் ஒரு தீவு நாட்டை வர்ணித்து, கடல் வணிகத்துக்கென்றே விதிகளும் தந்தது. ஆனால் பொதுவாக இந்த மாதிரிப் புத்தகங்களில் ஒரு சிரமம் உண்டு. அட்டவணை மேல் அட்டவணை. ஒரு கப்பல் சரக்கை விற்று முடிப்பதற்குள் டீ ஆறிவிடும், மந்திரவாதியாக ஆடுபவர் தூங்கிவிடுவார்.

"விலை உன் வாயில இருந்தா?"

எங்கள் பேட்ச்சில் ஐந்து பேர் இப்போது ஐந்து ஊரில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடியோவில் கூடி இந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடுகிறோம். மனைவிமார் பார்வையில் இதற்கு வேறு பெயர் உண்டு, அது மலரில் அச்சிடத் தக்கதல்ல.

கதை ஒரு துறைமுகப் பட்டினத்துக்கு வந்தது. நடுவராக இருந்த நண்பன் நல்ல கதைசொல்லி. விதிப் புத்தகமே வேண்டாம் என்பவன். வெர்டி து வெர்னுவா கட்சி. எங்களில் ஒருவன் நிஜ வாழ்க்கையிலேயே ஏற்றுமதித் தொழிலில் இருப்பவன். அவன் ஆட்டத்தில் ஒரு கப்பலை வாங்கி மிளகு ஏற்றினான். போன இடத்தில் நடுவர் ஒரு விலை சொன்னான். அடுத்த முறை வேறு விலை. மூன்றாவது முறை சுங்கம் திடீரென்று இரட்டிப்பு; கதைக்கு அது சுவாரசியமாக இருக்குமாம்.

நம் ஏற்றுமதிக்காரன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "விலை உன் வாயில இருந்தா நான் எதுக்குடா கப்பல் வாங்கணும்? உன் மனசு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு உக்காந்திருக்கிறதா வியாபாரம்?" என்றான். அடுத்த இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. இருபது வருஷத்தை நெருங்கும் நட்பு. போயும் போயும் இல்லாத மிளகுக்காக.

விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அட்டவணைப் புத்தகங்களை ஓரம் கட்டிவிட்டு, பாய்மரக் காலத்து நிஜத் துறைமுகங்கள் எப்படி நடந்தன என்று படிக்க ஆரம்பித்தேன். மந்திரவாதியும் டிராகனும் கற்பனை என்றாலும் பாய்மரக் கப்பலும் காற்றும் சுங்கச்சாவடியும் நிஜம்தானே. அப்போது தெரிந்தது, நண்பன் கேட்ட கேள்வியை வணிகர்கள் ராஜாக்களிடம் ஆயிரம் வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று. பதில் சொன்ன ராஜாக்களும் இருந்திருக்கிறார்கள்.

மோட்டுப்பள்ளி: முப்பதில் ஒன்று

ஆந்திரக் கரையில் சீராலாவுக்கு அருகே மோட்டுப்பள்ளி என்று ஓர் ஊர். காகதீய அரசன் கணபதிதேவன் காலத்தில் பெரிய துறைமுகம். பின்னால் மார்க்கோ போலோ 'முத்பிலி' என்று எழுதியது இதைத்தான் என்பார்கள். இங்கே வீரபத்திரர் கோயில் தூணில் சக வருஷம் 1166, அதாவது கி.பி. 1244-45-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அபய சாசனம் என்று பெயர். யாருக்கு அபயம்? கடல் கடந்து வரும் வணிகர்களுக்கு.

சாசனத்தின் சாரம் இது. முன்பிருந்த அரசர்கள், புயலில் சிக்கி உடைந்து கரை ஒதுங்கிய கப்பல்களின் பொன், யானை, குதிரை, ரத்தினம் எல்லாவற்றையும் பிடுங்கிக் கொண்டார்கள். உயிரை விடப் பொருள் பெரிது என்று எண்ணிக் கடலில் இறங்கும் இவர்களிடம், விதித்த சுங்கம் தவிர வேறெதையும் நாம் எடுக்க மாட்டோம். ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் சுங்கம் முப்பதில் ஒன்று. கூடவே சந்தனம், கற்பூரம், முத்து, பன்னீர், தந்தம், பவளம், மிளகு, பட்டு என்று சில சரக்குகளுக்குத் தனி வீதமும் சாசனத்தில் உண்டு.

இதில் எனக்குப் பிடித்தது வீதம் குறைவு என்பதல்ல. கல்லில் வெட்டி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிறுத்தியது. கடலோரத்தில் ஒதுங்கிய பொருள் அரசனுக்கு என்ற பழக்கம் உலகத்தில் பல கரைகளிலும் இருந்தது. கணபதிதேவன் கருணைக்காகவும் புகழுக்காகவும் விட்டுக் கொடுத்ததாகச் சாசனம் சொல்கிறது. இருக்கட்டும், கணக்கும் தெரிந்தவன்தான். உடைந்த கப்பல் ஒன்றைக் கொள்ளையடித்தால் ஒரு தடவை வருமானம். உடையாத கப்பல்கள் தைரியமாக வந்து போனால் வருஷா வருஷம் முப்பதில் ஒன்று.

மலாக்கா: ஆறு சதவீதமும் பத்து வணிகர்களும்

1511-இல் போர்த்துகீசியர் பிடிப்பதற்கு முன் மலாக்கா எப்படி நடந்தது என்பதை, அங்கே இருந்த டோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் 1512-க்கும் 1515-க்கும் இடையே எழுதி வைத்தார். மலாக்கா பருவக்காற்றுகள் சந்திக்கும் இடம். மேற்கிலிருந்து ஒரு காற்றில் வந்தவர்கள், எதிர்க் காற்றுக்காகக் காத்திருந்து திரும்பினார்கள். கிழக்கிலிருந்து வருபவர்களுக்கும் அதே கதைதான், காற்று மட்டும் வேறு. சரக்கை விற்க எல்லாருக்கும் இருப்பது குறுகிய காலம்.

வரும் வணிகர்களைக் கவனிக்க ஷாபந்தர் என்ற துறைமுகத் தலைவர்கள் நான்கு பேர். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பசாய் வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா, மொலுக்கா முதலான தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் முதலியோருக்கு ஒருவர். சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்களை அன்று 'கிளிங்' என்றார்கள். இன்று மலேசியாவில் அந்தச் சொல் மரியாதைக் குறைவு. அன்று அது செல்வாக்குள்ள ஒரு வணிகக் கூட்டத்தின் பெயர்.

மேற்கிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கம் ஆறு சதவீதம். கிழக்கத்தியருக்கு நிலையான சுங்கம் கிடையாது, அன்பளிப்பு தர வேண்டும். சரக்கை மதிப்பிடுவது யார்? ராஜாவின் ஆள் தனியாக அல்ல. அதிகாரி முன்னிலையில் பத்து வணிகர்கள்: ஐந்து பேர் கிளிங், ஐந்து பேர் பிற நாட்டார். மொத்தச் சரக்கையும் உள்ளூர் வணிகர்கள் கூடி விலை பேசி எடுத்துத் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்வதும் உண்டு. வந்தவருக்கு உடனே காசு, காற்று தவறாமல் திரும்பலாம். உள்ளூர் வணிகர் அதை நிதானமாக விற்று லாபம் பார்ப்பார். அவசரக்காரருக்குக் கொஞ்சம் குறைந்த ஆனால் உறுதியான விலை; காத்திருக்க முடிந்தவருக்கு மிச்சம். இதை யாராவது விளையாட்டு வடிவமைப்பாளர் யோசித்திருந்தால் கைதட்டியிருப்போம்.

ஏதென்ஸும் ரோட்ஸும்: கடனும் கரையாத நஷ்டமும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ். டெமஸ்தெனிஸ் பேரில் வழங்கும் ஒரு நீதிமன்றப் பேச்சில் ஒரு கடல் கடன் பத்திரம் முழுசாக இருக்கிறது. 3,000 டிராக்மா கடன். ஈடு 3,000 ஜாடி ஒயின். ஏதென்ஸிலிருந்து கருங்கடல் போய்த் திரும்ப வேண்டும். வட்டி ஆயிரத்துக்கு 225. ஆனால் கருங்கடலிலிருந்து ஆர்க்டூரஸ் நட்சத்திரம் உதித்த பிறகு கிளம்பினால் ஆயிரத்துக்கு 300. ஆர்க்டூரஸ் என்றால் நம் சுவாதி. அது விடியலில் தலைகாட்டும் செப்டம்பர் நடுவுக்குப் பிறகு அந்தக் கடலில் புயல் காலம். கப்பல் மூழ்கினால் கடன் திருப்ப வேண்டியதில்லை. எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு வட்டி. அளப்பதற்கு வானத்தில் ஒரு நட்சத்திரம். யாரும் கடிகாரத்தைத் திருத்த முடியாது. (பத்திரம் இவ்வளவு சுத்தமாக இருந்தும் வழக்கு ஏன் வந்தது என்றால், கடன் வாங்கியவர்கள் சொன்ன அளவு ஒயினை ஏற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. மனிதர்கள் எக்காலத்திலும் மனிதர்களே.)

அதே பத்திரத்தில் இன்னொரு வரி. புயலில் கப்பலைக் காப்பாற்றப் பயணிகள் சேர்ந்து முடிவெடுத்துக் கடலில் எறிந்த சரக்கு, திருப்பும் தொகையில் கழிக்கப்படும். இந்த எண்ணத்தின் விரிவான வடிவம் ரோட்ஸ் தீவின் பெயரால் ரோமச் சட்டத்தில் நுழைந்தது. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் 14-ஆம் புத்தகத்தில் இருக்கிறது: எல்லாருக்காகவும் எறியப்பட்டதை எல்லாரும் சேர்ந்து ஈடு செய்ய வேண்டும். கப்பல்காரரும் உட்பட.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் உலகத்தையே நிறுத்தியது அல்லவா? அதை மீட்ட செலவுக்கு இதே கொள்கையைத்தான் அறிவித்தார்கள். கப்பலில் தங்கள் பெட்டி பத்திரமாக இருந்த சரக்குக்காரர்களும் பங்கு தர உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு போஸ்ட் கார்டில் அடங்கும் விதிகள்

போஸ்ட் கார்டில் எழுத முடியாத விதி மேசையில் நிற்காது என்பது என் கொள்கை. நான்கு துறைமுகங்களிடமும் கடன் வாங்கி நான் எழுதியது இவ்வளவுதான்:

1. விலை. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு அடிப்படை விலை. அதை ஏழு பங்காக்கு. இரண்டு பகடை உருட்டு. விழுந்த கூட்டுத்தொகை எத்தனையோ அத்தனை பங்கு விலை. சரக்கு விளையும் ஊரில் இரண்டைக் கழி. வேண்டும் ஊரில் இரண்டைக் கூட்டு. எவ்வளவு கழித்தாலும் ஒரு பங்குக்குக் கீழே போகாது.

2. சுங்கம். ஒவ்வொரு துறைமுகத்திலும் பலகையில் எழுதியிருக்கும். நடுவர் மாற்றலாம், ஆனால் அடுத்த பருவக்காற்றிலிருந்துதான் செல்லும்.

3. பத்துப் பேர் விலை. வேண்டும் ஊரில் பகடை உருட்டப் பயமா? உள்ளூர் வணிகர்களிடம் எட்டுப் பங்கு விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிடலாம்.

4. காற்று. வருஷத்தில் பாதி ஒரு திசை, பாதி எதிர்த்திசை. தவறவிட்டால் காத்திரு, தங்கும் செலவைக் கொடு.

5. கடன். நல்ல பருவத்தில் ஆயிரத்துக்கு 225, கெட்ட பருவத்தில் 300. கப்பல் மூழ்கினால் கடன் இல்லை.

6. புயல். பயணத்துக்கு ஒரு முறை இரண்டு பகடை. 2 அல்லது 3 விழுந்தால் சரக்கை எறிய வேண்டும். நஷ்டம் எல்லார் தலையிலும் மதிப்பின்படி.

மிளகு எங்கள் உலகத்தில் பாரம் 70 காசு. ஒரு பங்கு 10 காசு. விளையும் ஊரில் சராசரியாக 50-க்குக் கிடைக்கும், வேண்டும் ஊரில் சராசரியாக 90-க்குப் போகும். சுங்கம் ஆறு சதவீதம் என்று வையுங்கள். 50-க்கு வாங்கியவன் நஷ்டப்பட 36-க்கு 3 வாய்ப்பு. ஆனால் வாங்கும் ஊரில் பகடை உயர விழுந்து 70-க்கு வாங்கியிருந்தால், நஷ்ட வாய்ப்பு 36-க்கு 10. வாங்கலாமா, அடுத்த ஊருக்கு வெறும் கப்பலோடு போகலாமா? அங்கேதான் ஆட்டம். பத்துப் பேர் விலை 80. பகடை உருட்டினால் அதற்கு மேல் கிடைக்க 36-க்கு 21, கீழே போக 36-க்கு 10, சமமாக 5. கடன் தலைக்கு மேல் இருப்பவன் 80-ஐ வாங்கிக் கொள்வான். முதல் உள்ளவன் உருட்டுவான். வசதி உள்ளவனுக்குத்தான் துணிச்சல் கட்டுப்படியாகும் என்பதை ஒரு வரி உபதேசம் இல்லாமல் பகடையே சொல்லிக் கொடுத்தது.

புயல் விதிக்கும் ஒரு கணக்கு. கப்பல் 1,000, ஒருவன் சரக்கு 600, இன்னொருவன் சரக்கு 400. இரண்டாமவன் சரக்கில் 200-ஐ எறிந்தாயிற்று. மொத்த மதிப்பு 2,000-இல் நஷ்டம் பத்து சதவீதம். கப்பல்காரன் 100, முதலாமவன் 60 தர வேண்டும். இரண்டாமவன் பங்கு 40, அது போக 160 அவனுக்குத் திரும்பி வரும். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள் பெரியவர்கள். பக்கத்தில் இருப்பவனும் பங்கு கொடுப்பான் என்று தெரிந்தால்தான் கையை எடுக்க முடியும். இந்த விதி வந்த பிறகு, எதை எறிவது என்று எங்கள் மேசையில் நடந்த விவாதங்கள் தனிக் கட்டுரைக்குத் தேறும்.

ஏற்றுமதி நண்பன் திரும்பி வந்தான். வந்த முதல் ராத்திரியே கெட்ட பருவத்தில் கடன் வாங்கி, பத்துப் பேர் விலையை மறுத்து, பகடையில் மூன்று விழுந்து, பாதி முதலைத் தொலைத்தான். நாங்கள் பயந்துபோய்ப் பார்த்தோம். அவன் சிரித்துவிட்டு, "பகடைகிட்ட தோத்தா கோபம் வரலடா, இவன்கிட்ட தோத்தாதான் வருது" என்றான்.

நடுவருக்கு என்ன மிச்சம்?

நடுவருக்கு என் மேல் வருத்தம்தான். "எல்லாத்தையும் எழுதி வச்சுட்டா கதைக்கு எங்கடா இடம்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் நடந்தது நேர்மாறு. ஒரு நாள் சுங்க அதிகாரி ஒருவரைக் கொண்டு வந்தான். பலகையில் ஆறு சதவீதம் என்று எழுதியிருக்க, அதிகாரி பன்னிரண்டு கேட்டார். முன்பு என்றால் இது நடுவரின் விலை, வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதுதான். இப்போது எல்லாருக்கும் தெரியும், இந்த ஆள் திருடன்! ஐந்து பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். புகார் கொடுப்பதா, லஞ்சம் கொடுப்பதா, ராத்திரியோடு ராத்திரியாக நங்கூரம் எடுப்பதா என்று மூன்று ஞாயிறு போனது. எழுதி வைத்த விதி ஒன்று இருந்தால்தான் அநியாயம் எது என்று கண்ணுக்குத் தெரியும். அது தெரிந்தால்தான் கதை.

1876-இல் தொடங்கிய வழக்கில் என் தீர்ப்பு இதுதான். கடல் நிச்சயமில்லாமல் இருக்கட்டும். அதற்குப் பகடை இருக்கிறது. சந்தை நிச்சயமில்லாமல் இருக்கட்டும். அதற்கும் பகடை இருக்கிறது. சுங்கச்சாவடி மட்டும் நிச்சயமாக இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவன், அது நடுவரோ ராஜாவோ, தன் கையைத் தானே கட்டிக்கொண்டு அதை ஊரறியச் சொல்ல வேண்டும். மோட்டுப்பள்ளித் தூண் 780 வருஷமாக இதைத்தான் சொல்லிக் கொண்டு நிற்கிறது. நம்மில் பலர் இப்போது மேலாளர்கள், சிலர் முதலாளிகள், ஒரு சிலர் அரசு அதிகாரிகள். கம்பெனி விடுப்பு விதி முதல் டெண்டர் நிபந்தனை வரை எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். முப்பதில் ஒன்று என்று எழுதுவது சுலபம். மழைக்கும் வெயிலுக்கும் அழியாத இடத்தில் எழுதி, நாளைக்கு நமக்கே அசௌகரியமாகும்போது அதன்படி நிற்பதுதான் கஷ்டம்.

சீனியர் அண்ணன்மார், அக்காமார், ஜூனியர் தம்பி தங்கையர் யாராவது இந்தத் துறைமுக விதிகளை ஆடிப் பார்க்க விரும்பினால் எழுதி எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், ராயல்டி கேட்க மாட்டேன். இரண்டு பகடை, ஒரு பென்சில், ஒரு போஸ்ட் கார்டு, சண்டை போட்டாலும் அடுத்த ஞாயிறு திரும்பி வரும் நாலு நண்பர்கள் போதும். கடைசிச் சாமானை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இந்தக் கல்லூரி. அதற்கு சுங்கம்கூட வாங்கவில்லை.